மார்த்தாண்டம் பாலத்தடியில் என் இரண்டு குரல்கள்

குமரி மாவட்டத்தில் இருப்பவர் என்றால் என் குரலை நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோதோ, மதியம் சற்றுக் கண்ணயர்ந்தபோதோ, தெருவில் போன ஆட்டோவின் தலையிலிருந்து "அன்பார்ந்த வாடிக்கையாளப் பெருமக்களே!" என்று உங்களைக் கூப்பிட்டவள் நான்தான். பெயர் ரோஸ்லெட். கடைகளுக்கு விளம்பரம் பேசுவதே என் தொழிலாக இருந்தது. போன வருஷம்தான் போதும் என்று வீட்டில் உட்கார்ந்தேன்.

இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. எழுதிக் கொடுத்தால் அதுவே பேசிவிடுமாம். எங்கள் ஸ்டூடியோவைப் பார்த்துக்கொள்ளும் பெனிலா என்ற பெண் சென்ற வாரம் என்னை அழைத்தாள். "ஆன்ட்டி, கம்ப்யூட்டர் எல்லாம் பேசுது. நம்ம ஊரு பேச்சு மட்டும் வரமாட்டேங்குது. காதர் காக்கா கடை வெளம்பரத்த நீங்க எங்ஙன பண்ணினிய? ஒருக்க எழுதித் தாருங்களேன்" என்றாள்.

இதைக் கேட்க ஆள் வராதா என்றுதான் காத்திருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை எனக்கு.

என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர் ஸ்டூடியோ நடத்திய வில்சன் சார். கோவில் என்றே நாங்கள் சொல்லும் சர்ச்சில் நான் வேதபாடம் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, ஆராதனை முடிந்ததும் வாசலில் நிறுத்தி, "பிள்ளே, 'மழை விழுந்தது' எண்ணு ஒருக்கச் சொல்லு" என்றார். சொன்னேன். "நாளைக்கு ஸ்டூடியோவுக்கு வா" என்று போய்விட்டார். ழகரம் நம் ஊரில் யாருக்குத்தான் வராது? ஆனால் வெளியூர்க் கடைக்காரர்களுக்கு அது பெரிய சரக்கு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என் பேச்சில் அவருக்கு வேண்டாதது ஒன்றே ஒன்றுதான்: ராகம். நம் பேச்சு பாட்டு மாதிரி ஏறி இறங்குகிறதல்லவா, அதைச் சுத்தமாக வழித்தெடுத்துவிட்டார். முதல் இரண்டு வருஷமும் அதற்கே போயிற்று. பிறகு நான் எந்த ஊர்க்காரி என்று என் பேச்சை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதில் எனக்கு எவ்வளவு கர்வம் என்கிறீர்கள்!

ஸ்டூடியோ இரணியல் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை. சுவரிலெல்லாம் பழைய மெத்தையைப் பிரித்து அடித்திருந்தார் சார். ரயில் வராத நேரத்தில்தான் பதிவு. மின்விசிறியை நிறுத்துவோம், ஜன்னலைச் சாத்துவோம், வேர்த்து ஊற்றும். மைக்குக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சாண். அதைவிடக் கிட்டே போனால் புனல் ஸ்பீக்கரில் சகரம் எல்லாம் பாம்பு மாதிரி சீறும். விலையைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். சிரிப்பு காதில் கேட்கும் என்பார் வில்சன் சார். ஓடுகிற வண்டி ஒரு வீட்டைத் தாண்டும் நேரம்தான் நமக்குக் கிடைப்பது. அதற்குள் கடைப் பெயர் ஒரு தடவையாவது அந்த வீட்டுக்குள் விழுந்தாக வேண்டும். பதிவு முடிந்ததும் மொட்டை மாடியில் ஸ்பீக்கரைக் கட்டி ஓடவிட்டு, அவர் தண்டவாளத்தின் அந்தப் பக்கம் போய் நின்று கேட்பார். அங்கிருந்து கையை இப்படியும் அப்படியும் ஆட்டினால், மறுபடி முதலிலிருந்து.

நான் பேசும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். "தெருவுல கேக்குதவன் ஒனக்க மூஞ்சியப் பாத்தா கேக்குதான்?" என்பார். பிடித்திருந்தால் நாற்காலியைக் கால்வாசி திருப்புவார். மிகவும் பிடித்திருந்தால் அரைவாசி. முழுதாகத் திரும்பி நான் பார்த்ததில்லை. பிடிக்கவில்லை என்றால் ஒரே கேள்வி: "யாருக்கிட்டப் பேசுத?" கூட்டத்திடம் பேசக் கூடாது, ஒரே ஓர் ஆளிடம் பேச வேண்டும், அந்த ஆள் யார் என்று பெயர் சொல்ல வேண்டும். நானும் வாயில் வந்த பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

கேசட்டில் தொடங்கி சிடி, பென்டிரைவ் என்று எல்லாவற்றிலும் என் குரல் ஓடியது. குக்கர் விற்றேன், கிரைண்டர் விற்றேன், ஃபிரிட்ஜ் விற்றேன். ஓணம், பெருநாள், கிறிஸ்துமஸ், பொங்கல் எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் துணி எடுக்கச் சொன்னேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் மஞ்சள் பூசும் வடக்கத்தி விசேஷத்துக்கு என்று தனியாக ஒரு மஞ்சள் புடவை வாங்க வேண்டும் என்று நம் ஊர்ப் பெண்களிடம் சொன்னவளும் நான்தான். அடுத்த வருஷமே எங்கள் தெருக் கல்யாணத்தில் பெண்பிள்ளைகள் எல்லோரும் மஞ்சளில் வந்து நின்றார்கள்!

ஒரு நாள் பக்கத்து வீட்டில் அடுப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்காரி மகளிடம், "ஏட்டி, அந்த வாணலிய இஞ்ச எடு" என்றாள். பிறந்த நாள் முதல் அவள் வாயில் அதற்குப் பெயர் சீனிச்சட்டி. வாணலி என்பது என் விளம்பரத்தில் வந்த சொல். என் சொல் ஒரு வீட்டு அடுப்படிவரை போய்விட்டதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வேறு மாதிரி அதை யோசிக்க அன்று தோன்றவில்லை.

அப்போதுதான் காதர் காக்கா வந்தார்.

தேங்காய்ப்பட்டணத்துக்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். வளைகுடாவில் வெகுகாலம் உழைத்துத் திரும்பி, மார்த்தாண்டத்தில் பாத்திரங்களும் வீட்டுச் சாமான்களும் விற்கும் கடை வைத்திருந்தார். அவர் கடைக்கு நேர் எதிரே ஒரு பெரிய நிறுவனம் கண்ணாடி மாளிகை மாதிரிக் கடை கட்டித் திறக்கப்போகிறது. அந்தக் கடைக்கும் விளம்பரம் பேசுவது நான்தான். அது காக்காவுக்கும் தெரியும்.

"வில்சன் சாரே, எனக்க கடை வெளம்பரமும் அவனுக்க கடை வெளம்பரமும் ஒரே போல இருந்தா ஆளு எங்க போவும்? பெரிய கடைக்குத்தான் போவும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ரோஸ்லெட்டு, எனக்கு ஆபரு கீபரு ஒண்ணும் வேண்டாம். எனக்க உம்மா வீட்டு வாசல்ல நிண்ணு, வந்தவியள 'கேறி வாருங்க'ண்ணு கூப்பிடுவா. அது போல நீ கூப்பிடு."

கேறி வாருங்க. உள்ளே வாருங்கள் என்பதற்கு நம் மேற்குப் பக்கத்துப் பேச்சு. அத்தனை வருஷத்தில் ஒரு கடைக்காரரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. எனக்கு வந்த உற்சாகத்தில் அன்றைக்கே எழுதி, அன்றைக்கே பேசி முடித்தேன். வரிக்கு வரி 'மக்கா', வாக்கியத்துக்கு ஒரு 'ஏலே'. ராகத்தை நன்றாக இழுத்து ஆட்டிவிட்டேன். வில்சன் சார் நாற்காலி கால்வாசிகூடத் திரும்பவில்லை. "யாருக்கிட்டப் பேசுத?" என்றார். "நம்ம ஊருக்கிட்ட, சார்!" என்றேன். காக்காவுக்கு அவசரம், வண்டி காத்திருந்தது, அனுப்பிவிட்டோம்.

மறுநாள் காலையில் ஆட்டோ ஓட்டும் ஸ்டீபன் குலசேகரத்திலிருந்து அழைத்தான். "எக்கா, சந்தைக்கிட்ட வண்டிய மறிச்சு வச்சிருக்கினும். பொம்பளைய. ஸ்பீக்கருக்க ஒயரப் புடுங்கியாச்சு. பேசினவளக் கூட்டிட்டு வராம வண்டி இளகாதுண்ணு சொல்லுகினும்."

நானும் வில்சன் சாரும் உடனே கிளம்பிப் போனோம். சந்தை ஓரத்தில் டீக்கடைக்கு முன்னால் ஆட்டோ நின்றது. அதைச் சுற்றி ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த பெண்கள், கையில் வாளியோடு. அவர்களுக்கு நடுவில் ஒருத்தி ஆட்டோ சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நின்றாள். பெயர் லீலா. என் வயதுதான் இருக்கும்.

"நீயா பேசினது?" என்றாள்.

"ஆமா."

"எதுக்கு எங்களக் களியாக்குத?"

"நான் யாரையும் கேலி பண்ணலையே" என்றேன். நான் சொன்ன விதத்தைக் கேட்டு அவள் இன்னும் பொங்கினாள்.

"பாத்தியளா, இவ பேசுத பேச்சப் பாத்தியளா! இப்பம் ஒனக்க வாயில அந்த மக்கா எங்க போச்சு? வண்டியில இருந்து பேசும்பம் மட்டும் வருமோ? எனக்க மவன் சென்னையில ஜோலி பாக்கான். அங்க அவன் வாயத் தொறந்தா 'மக்கா மக்கா'ண்ணு கூட இருக்கவனுவ இளிப்பானுவ. சினிமாவுல பேசுவினுமே, அது போல பேசிக் காட்டச் சொல்லுவானுவ. இப்பம் எனக்க பிள்ள என்கிட்டப் போன்ல பேசும்பமும் சென்னைக்காரன் போலத்தான் பேசுதான். 'சாப்டியாம்மா'ங்கான். எனக்கு வேற யாரோ பேசுத போல இருக்கு. அங்க கெடந்து களியாக்கினா போட்டும். எங்க ரோட்டுல, எங்க வாசல்ல வந்து எங்களயே களியாக்கணுமா நீ?"

அவள் சொன்னது நெஞ்சில் போய்த் தைத்தது. ஆனாலும் அத்தனை பேர் முன்னால் என்னை வெளியூர்க்காரி மாதிரி நிறுத்திவிட்டாளே என்று ரோஷம் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. என் வாயிலிருந்து என்ன வருகிறது என்று நானே கவனிக்கவில்லை.

"ஏட்டி, நீ யாரப் பாத்துச் சொல்லுத? நான் எரணியல்ல பொறந்து எரணியல்ல வளந்தவ. எனக்க அம்மைக்க ஊரு ஒனக்கப் பக்கத்துலதான், திருவட்டாறு. மரச்சீனிக் கெழங்கும் சாளை மீனும் தின்னு வளந்த ஒடம்புதான் இதுவும். ஒனக்க மவனக் களியாக்கினா எனக்கு நோவாதா? எனக்கும் மவன் உண்டும்! வெளியூர்க்காரன் கடை எதுக்க வந்து நிக்குதே, நம்ம ஆளு ஒருத்தரு கரையேறட்டும்ணு தொண்ட கிழியக் கத்தினேன், அதுக்கு ஒயரப் புடுங்குவியா நீ? புடுங்கினவ கொண்டு போய் வீட்டுல வையி! நாளைக்கு அந்தப் பெரிய கடைக்கு வெளம்பரம் பேசும்பம் 'வாங்க மேடம், வாங்க சார்'ண்ணு வருவேன், அப்பம் வாசல்ல நிண்ணு நல்லாக் கேளு!"

மூச்சு வாங்க நிறுத்தினேன். லீலா என்னைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு பக்கத்தில் நின்றவளிடம், "நம்ம ஆளுதாண்டி" என்றாள். ஒருத்தி சிரித்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. ஒரு நிமிஷத்தில் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் சிரிக்கிறார்கள்! எனக்கும் அடக்க முடியவில்லை.

அப்போதுதான் வில்சன் சாரைக் கவனித்தேன். பழக்க தோஷம், இத்தனை நேரமும் டீக்கடைச் சுவரைப் பார்த்தபடி எனக்கு முதுகு காட்டி நின்றிருக்கிறார். மெல்லத் திரும்பினார். முழுதாக. கண் கலங்கியிருந்தது.

"ரோஸ்லெட், இப்பம் யாருக்கிட்டப் பேசின?" என்றார்.

"இவகிட்ட, சார்."

"அதுதான். அத அப்பிடியே கொண்டு வா."

லீலா சாவியை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "வீட்டுக்கு வந்தவியள எவளாவது 'ஏலே'ண்ணு கூப்பிடுவாளா? அதத் தூரக் கள" என்றாள். "நீயும் வா. எனக்க முன்னால வந்து இரி. ஒன்கிட்டத்தான் பேசணும்" என்றேன். வருவாள் என்று நினைக்கவில்லை. வாளியைக் கூட வந்திருந்த தங்கையிடம் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். வழியெல்லாம் இரண்டு பேரும் விட்ட இடத்திலிருந்து சண்டை போட்டுக்கொண்டே வந்தோம்.

ஸ்டூடியோவில் ஜன்னலைச் சாத்தி மின்விசிறியை நிறுத்தினோம். லீலாவை என் முன்னால் ஸ்டூலில் உட்கார வைத்தார் சார். "ஒண்ணும் பேசப்பிடாது, கேட்டா மட்டும் மதி" என்று கண்டிப்பாகச் சொன்னார். நான் தொடங்கினேன்.

"எக்கா, கேறி வாருங்க. மார்த்தாண்டத்துல காதர் காக்கா கடைக்கு ஒருக்க வாருங்க. சீனிச்சட்டி வந்திருக்கு..."

"கனமுள்ளதா?" என்றாள் லீலா.

சார் பதிவை நிறுத்தினார். மறுபடி தொடங்கினோம். மறுபடியும் அவளால் வாயை மூட முடியவில்லை. "அடி பிடிக்குமா?" என்றாள். எதிரே இருக்கிறவள் பேசும்போது பதில் பேசாமல் எப்படி இருப்பது என்று அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. மூன்றாவது தடவை சார் நிறுத்தவில்லை. கையைச் சுழற்றி, போ, போ என்றார். லீலா கேட்கிறாள், நான் சொல்கிறேன். "போன வருஷம் வாங்கினது கைப்பிடி இளகிப் போச்சு" என்கிறாள். "அப்பிடியானா அதயும் கொண்டு வா, காக்கா முடுக்கித் தருவாரு" என்கிறேன். அப்படி எதுவும் எழுதிவைத்ததே இல்லை! கடைசியில் அவள், "செரி, ஞாயிற்றுக்கிழம கோவில் விட்டு வாறேன்" என்றாளே பார்க்கலாம், அந்த நொடியில் நாகர்கோவில் போகும் ரயில் தடதடவென்று வந்துவிட்டது. அதையும் வெட்ட வேண்டாம் என்றுவிட்டார் சார்.

அந்த விளம்பரம் ஓடிய ஓட்டத்தை என்னவென்று சொல்வேன்! ஸ்டீபனிடம் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லிப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். இரணியலிலிருந்து களியக்காவிளை வரை, வீட்டுக்கு யார் வந்தாலும் "எக்கா, கேறி வாருங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்தார்கள். கைப்பிடி இளகிய சட்டிகளோடு காதர் காக்கா கடையில் கூட்டம் முண்டியது. "ரோஸ்லெட்டு, நீ சொன்ன சொல்லுக்கு நான் இப்பம் திருப்புளியும் கையுமா நிக்கேன்" என்று போனில் கத்தினார். முடுக்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை என்பதையும் சொன்னார். எவனோ ஒருத்தன் அந்த வரியைப் பனியனில் அச்சடித்து விற்கவும் ஆரம்பித்துவிட்டான். நம் வாய்ச்சொல்லுக்கு விலைச்சீட்டு தொங்குவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் திக்கென்றும் இருந்தது. லீலா அழைத்து, அவள் மகன் அந்த விளம்பரத்தைத் தன் போனில் மணிச்சத்தமாக வைத்திருப்பதாகச் சொன்னாள். "ஆபீஸ்ல அடிக்கும்பம் எல்லாவனும் திரும்பிப் பாப்பானுவளாம். 'எனக்க அம்மைக்க சத்தமாக்கும்'ணு சொன்னானாம்" என்றாள்.

பெரிய கடை திறந்த நாளன்று நான் வீட்டுக்குத் திரும்ப மார்த்தாண்டத்திலிருந்து திங்கள்சந்தை பஸ்ஸில் ஏறினேன். மேம்பாலத்துக்குக் கீழே சரியான நெரிசல். பஸ் அப்படியே நின்றுவிட்டது. வலது பக்கத்தில் பெரிய கடையின் வண்டி, பூவெல்லாம் கட்டி நிற்கிறது. "அன்பார்ந்த வாடிக்கையாளப் பெருமக்களே! உங்கள் இல்லத்தின் அழகுக்கு அழகு சேர்க்க..." இடது பக்கத்தில் ஸ்டீபனின் ஆட்டோ. "எக்கா, கேறி வாருங்க!" நடுவில் பஸ்ஸுக்குள் நான். இரண்டு காதிலும் நான்!

பக்கத்தில் ஓர் அக்கா மடியில் மீன் சட்டியோடு உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் கையைக் காட்டி, "இவ எந்த ஊருக்காரியோ. எப்பிடிப் பேசுதா பாருங்க, சோப்பு போட்டுக் கழுவின போல" என்றார். பிறகு இடது பக்கம் காட்டி, "இவ நம்ம பிள்ள" என்றார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "எக்கா, ரெண்டும் நான்தான்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒனக்கு வேற ஜோலி இல்லியா?" என்றார்.

அங்கேயே பேசிக் காட்டினேன். முதலில் சோப்பு போட்டுக் கழுவிய குரல். பிறகு லீலாவிடம் பேசிய குரல். முன் சீட்டுகளில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து திரும்பிவிட்டார்கள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். ஒருத்தி கைதட்டினாள். ஆனால் மீன்சட்டி அக்கா மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "செரி, நீதான். இது ரெண்டுல ஒனக்க சொந்தப் பேச்சு ஏது? வீட்டுல எப்பிடிப் பேசுவ?"

பஸ் முழுதும் என் பதிலுக்காகக் காத்திருந்தது. யோசித்துப் பார்க்கிறேன், எனக்கே தெரியவில்லை. "வீட்டுக்குப் போன் போடுங்க, கேட்டுத் தெரிஞ்சிடலாம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்காரரை அழைத்தேன்.

"ஹலோ, என்ன பண்ணிட்டு இருக்கீங்க?" என்றேன். இரண்டு குரலும் இல்லை. டிவி தொடரில் வருகிறவள் மாதிரி ஒன்று வந்தது. பஸ்ஸில் ஒரு 'உச்' சத்தம் எழுந்தது.

"யாரு? ரோஸ்லெட்டா?" என்றார் என் வீட்டுக்காரர். "ஏட்டி, என்னத்துக்கு இப்பிடிப் பேசுத? பஸ்ஸு கிடைச்சா?"

"கிடைச்சு. பாலத்தடியில நிக்குது. மீனு வாங்கினியளா?"

"சாளை வாங்கி வச்சிருக்கேன். நீ வந்து புளிமுளம் கறி வச்சா மதி."

"வீட்டுல மாங்கா இருக்கா?"

"ஒண்ணு கெடக்கு. கொஞ்சம் பழுத்துப் போச்சு."

"பழுத்தத வச்சு நான் என்ன செய்ய? ஒரு மாங்கா பாத்து வாங்கத் தெரியாதா? எங்க போய் வாங்கினிய?"

"சாளைக்கு மாங்கா எதுக்கு மோளே, புளி ஊத்து" என்று மீன்சட்டி அக்கா என் போனுக்குள் தலையை நீட்டினார். "புளி ஊத்தினா சாளைக்க ருசி செத்துப் போவும்" என்றாள் பின்னால் நின்றவள். "தேங்கா அரைக்கும்பம் ரெண்டு நல்லமொளவு வச்சாளானா ஒண்ணும் ஆவாது" என்றாள் இன்னொருத்தி. கண்டக்டர் தன் அம்மை புளியும் மாங்காயும் சேர்த்துப் போடுவாள் என்று சொல்லி எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். "யாருடி அங்க?" என்று வீட்டுக்காரர் கத்துகிறார். நான் அக்காவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், மாங்காய் போடாத புளிமுளம் புளிமுளமே இல்லை என்று. பஸ் எப்போது நகர்ந்தது என்று எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை.